பழைய வண்டியும் குடும்பக் கணக்கும்

சென்ற வாரம் இந்தப் பகுதியில், அரிசி பருப்புகளைப் புழு அண்டாமல் காப்பாற்றி வைக்கும் வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் வீதியிலுள்ள நண்பர் ஒருவர் சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தார். வீரபாண்டியில் சனிக்கிழமை இரவு என்றால் அது சம்பள இரவு. பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், மளிகைக் கடையிலும் இறைச்சிக் கடையிலும் பாக்கியைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பார்க்கும் நேரம் அது.

நண்பர் திண்ணையில் உட்கார்ந்து, "அரிசியைப் புழு திங்காமக் காப்பாத்தறதுக்கு வழி எழுதியிருந்தீங்க சார். சம்பளத்தை வண்டி திங்காமக் காப்பாத்தறதுக்கு ஒரு வழி இருந்தா எழுதுங்க" என்றார்.

அவர் தையற்காரர், ஓவர்லாக் மிஷினில் வேலை. அவர் மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருக்கிறார். ஆர்டர் நெருக்கடியான நாட்களில் அந்த அம்மாளுக்கு வேலை முடிய இரவு பத்து மணியாகிவிடும். அந்நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது என்பதற்காக, நண்பர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை 28,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார். வாங்கியவுடன் சீட்டுக்குப் புது உறை போடவேண்டும், டாங்குக்கு வர்ணம் அடிக்கவேண்டும் என்றெல்லாம் பட்டியல் வைத்திருந்தார். "டயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பின் டயர்ல பட்டன் கொஞ்சம் போயிருக்குதுங்க. தீபாவளி போனஸ் வரட்டும், மாத்திக்கலாம்னு இருக்கறேன்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்பதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய மோட்டார் சைக்கிளை வாங்குவதைப் பற்றி யாரும் வெட்கப்படவேண்டியதில்லை. நமது கொங்கு நாட்டின் யந்திரத் தொழிலுக்கே அது ஒரு பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். கோயமுத்தூருக்கு அருகேயுள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த ஸ்ரீ ஜி. டி. நாயுடு, இளம் பிராயத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைக் கண்டு அதன்மேல் மோகம் கொண்டார். கையில் பணமில்லை. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அக்கக்காகக் கழற்றிப்போட்டு, மறுபடியும் பூட்டினார். அப்படித் தாமே கற்றுக்கொண்ட வித்தைதான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடவும், பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய மோட்டார் ஸ்தாபனத்தை நடத்தவும் அவருக்குக் கைகொடுத்தது.

நாம் எல்லோரும் ஜி. டி. நாயுடு ஆகிவிட முடியாது. ஆனாலும் பழைய வண்டி வைத்திருப்பவன் அதை ஓரளவு திறந்து பார்க்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்ற பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்குப் பட்டறைக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு. நமக்கு நாலு எழுத்துத் தெரிந்திருந்தால், அவரும் நம்மோடு நாலு வார்த்தை அதிகம் பேசுவார்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என்னிடமுள்ள வண்டி, ஹீரோவும் ஹோண்டாவும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில், 2009-ல் செய்யப்பட்ட ஸ்பிளெண்டர். 2010-ஆம் ஆண்டின் முடிவில் அந்த இரு கம்பெனிகளும் பாகப் பிரிவினை செய்துகொண்டன. வண்டி மட்டும் இன்றும் பிரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதை இரண்டாம் கையாக வாங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் பின்சக்கர டயர் மொட்டையாகிக்கொண்டு வந்தது. மெக்கானிக் இரண்டு தடவை எச்சரித்தார். நானோ ஆகஸ்டு மாதத்துக் குடும்பக் கணக்கு நோட்டில், "டயர் — அடுத்த மாதம்" என்று எழுதினேன். செப்டம்பரிலும் அப்படியே எழுதினேன். அக்டோபரில் தீபாவளிச் செலவு. மறுபடியும், "டயர் — அடுத்த மாதம்."

நவம்பரில் ஒரு நாள் மாலை, நல்ல தூற்றல். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பல்லடம் சாலையில் வந்தேன். வேகம் ஒன்றும் அதிகமில்லை. முன்னால் சென்ற பஸ் திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் பாம்பைப்போல் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிற்று. இருவரும் ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கையை ஊன்றி விழுந்த குழந்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அரையாண்டுப் பரீட்சையை அவள் எழுதவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பரீட்சைக்குத் தயார் செய்கிற வாத்தியாரின் மகள், தகப்பனின் சிக்கனத்தால் பரீட்சை எழுதாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நோட்டில் எழுதும்போது, "டயர் — அடுத்த மாதம்" என்று நான் எழுதியிருந்த வரிக்கு நேர் கீழே எழுதினாள். அவ்வளவுதான். 1,500 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக நான் செலவழித்த தொகை அதைப்போல் பல மடங்கு. மகளின் கைவலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகையால், சிக்கனம் வேறு, ஒத்திப்போடுவது வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். டயர் சம்பந்தமான சிக்கனம் முழுவதும், அது தேய்வதற்கு முன்னால் செய்யவேண்டியது. தேய்ந்தபின் செய்யக்கூடிய சிக்கனம் ஒன்றுமே கிடையாது.

டயருக்கு உயிர் காற்று. அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்டு நகரில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப் என்பவர், தமது பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டுமென்பதற்காக 1888-ல் காற்றடைத்த டயரைச் செய்தார். அன்று முதல் இன்றுவரை வண்டியையும் நம்மையும் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்றுதான்; ரப்பர் அந்தக் காற்றுக்கு உறை. காற்றுக் குறைந்தால், டயர் சப்பையாகி இரு ஓரங்களிலும் தேயும். உள்ளே சூடு ஏறி நூல் கட்டு தளரும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். காற்று அளவுக்கு மீறினால் நடுவில் மட்டும் தேயும். வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். எனவே உங்கள் டயரை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஓரம் தேய்ந்திருக்கிறதா, நடு தேய்ந்திருக்கிறதா என்பதைக் கொண்டே, இத்தனை நாளும் நீங்கள் எப்படிக் காற்றடித்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

என் வண்டியைப் போன்ற 100 சி.சி. வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 25 பவுண்டும், தனியாக ஓட்டினால் பின்சக்கரத்தில் 28 பவுண்டும் வழக்கமான அளவு. பின்னால் ஒருவர் ஏறினால் பின்சக்கரத்துக்கு மட்டும் இன்னும் கணிசமாக ஏற்றவேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுக. வாரம் ஒரு முறை, காலையில் வண்டி சூடேறுவதற்கு முன் பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். வால்வு மூடி இரண்டு ரூபாய்ப் பொருள் என்று அலட்சியம் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் தூசி புகுந்து, காற்று கசியக்கூடும்.

அடுத்தது வேகமும் பாரமும். 1942-ல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, உலகில் ரப்பர் பஞ்சம் ஏற்பட்டது. செல்வத்தில் மிதந்த அமெரிக்காவிலேயே அவ்வாண்டு ஜனவரியில் டயருக்கு ரேஷன் வந்தது; டயர் தேயாமலிருப்பதற்காக மணிக்கு 35 மைலுக்கு மேல் யாரும் மோட்டார் ஓட்டக்கூடாது என்றும் உத்தரவாயிற்று. வேகம் குறைந்தால் டயர் ஆயுள் கூடும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்ட விஷயம் அது. சட்டென்று பாய்வதும் சட்டென்று பிரேக் பிடிப்பதும் ரப்பரை ரோட்டில் அரைத்துவிடுவதற்குச் சமானம். நமது ஊரிலோ, இருவர் ஏறியது போதாதென்று நடுவில் ஒரு பனியன் மூட்டையையும் வைத்துக்கொள்கிறோம். மூட்டைக்கு வண்டி வாடகை மிச்சமாகிறது என்று நினைக்கிறோம். அந்த வாடகையை டயர் தவணை முறையில் செலுத்திக்கொண்டிருக்கிறது.

புது டயர் வாங்கும்போது கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அதன் ஜாதகம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். கடையில் ஐந்தாறு ஆண்டு கிடந்த டயர் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். தள்ளுபடி விலை என்றாலும் வாங்காதீர்கள். பழைய வண்டி வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள். வண்டிக்காரர் "போன வருஷம்தான் டயர் மாத்தினேன்" என்பார். டயர் உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, விலையைப் பார்க்கும் முறை. இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுப்பதுண்டு. 1,500 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 6 பைசா. 1,000 ரூபாய் டயர் 10,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டால், கிலோமீட்டருக்கு 10 பைசா. எது மலிவு? ஏழாம் வகுப்புப் பையன் பதில் சொல்லிவிடுகிறான். கடையில் நிற்கும்போது அவன் தகப்பனாருக்குத்தான் மறந்துபோகிறது.

தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது மதிப்புள்ள தொழில்தான். சென்னைத் திருவொற்றியூரில் 1946-ல் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்த ஸ்ரீ கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் டயருக்குத் தோல் போடும் ரப்பரைச் செய்யத் தொடங்கி, அதன் பிறகே டயர் உற்பத்தியில் இறங்கினார், எம்.ஆர்.எப். என்று உலகமறிந்த ஸ்தாபனம் இப்படி வளர்ந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அந்தச் சிக்கனம் தகும். பின்பக்கம் நாலு டயரில் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். இரண்டே சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப்போடும் யோசனையும் வேண்டாம். முன் டயரின் நீளக் கோடுகள் திருப்புவதற்கு. பின் டயரின் பட்டன்கள் உந்துவதற்கும் நிறுத்துவதற்கும். இரண்டின் வேலையும் வேறு. டயர் மாற்றும்போது பழைய ட்யூபில் ஒட்டுகள் அதிகமிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பங்சரான பின், "கடை பக்கத்தில்தானே" என்று அதன்மேல் ஏறி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐம்பது ரூபாய் ஒட்டு வேலை, அந்த அரை மைலில் புது டயர் வேலையாகிவிடும்.

இனி, சர்வீஸ் செலவு. இதில் முக்கால் பங்கு எண்ணெய், காற்று, சங்கிலி என்ற மூன்றில் அடங்கும்.

மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான். காருக்குரிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றினால், அதிலுள்ள வழுவழுப்பு மருந்து கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்துவிடக்கூடும். டப்பாவின் மேல் "ஜேஸோ எம்.ஏ." என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஏ. பட்டம் பெறாத எண்ணெயை நமது வண்டிக்கு உத்தியோகம் பார்க்கவிடக்கூடாது! எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவதென்பது கையேட்டில் இருக்கிறது. அதைவிட அடிக்கடி மாற்றுவது வீண் செலவு. அதைத் தாண்டி ஓட்டுவது எஞ்சினை விலை பேசுவது. மாதம் இரு முறை அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பதற்குக் காசில்லை.

காற்று வடிகட்டியைப் பற்றி வீரபாண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நமது ஊர்க் காற்றில் மண் தூசியோடு பஞ்சுத் தூசியும் கலந்திருக்கிறது. நிட்டிங் மிஷின் ஓடும் கட்டடத்தின் வாசலில் பகல் முழுவதும் வண்டியை நிறுத்துகிறவர்கள், வடிகட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தலையணைக்கு வேண்டிய பஞ்சு இருப்பதுபோல் தோன்றும். மூச்சு முட்டிய எஞ்சின் பெட்ரோலை விழுங்கும். அடிக்கடி திறந்து பாருங்கள். சுத்தம் செய்யத்தக்கதைச் சுத்தம் செய்யுங்கள். காகித வடிகட்டியானால் உரிய காலத்தில் மாற்றுங்கள். சங்கிலியிலும் பின்சக்கர அச்சிலும் துண்டு நூல் சுற்றிக்கொண்டிருக்கும், கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

சங்கிலிக்கு வேண்டியது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணி நேரம். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் 90-ஆம் நம்பர் கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். துடைக்கத் துணிக்கு நாம் எங்கும் போகவேண்டாம். தூர தேசத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் பனியன் வேஸ்ட், நமது ஊரில் கேட்டால் கிடைக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சங்கிலியில் துணியை வைக்காதீர்கள். விரலைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. சங்கிலி ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தொய்ந்தால் முறுக்கவேண்டும். முறுக்க இடமில்லாமல் தேய்ந்துவிட்டால், சங்கிலியையும் இரண்டு பல் சக்கரங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய பல்லில் புதுச் சங்கிலி, கிழவனுக்குக் கரும்பு கொடுத்த கதைதான்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய வண்டிகளில், பெட்ரோல் ட்யூபும் ரப்பர் வளையங்களும் நாளடைவில் கெட்டுப்போக இடமுண்டு. சர்வீஸ் செய்யும்போது அவற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியைப் பல வாரம் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது.

பிரேக், பேரிங், வால்வு சப்தம் முதலியவற்றை மெக்கானிக்கிடமே விட்டுவிடவேண்டும். ஆனால் அவரிடம் வண்டியை விடும்போது, "எல்லாம் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு எல்லையே கிடையாது. இன்ன குறை, இன்ன சப்தம், இன்னது செய்யவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். தேய்ந்த பிரேக் ஷூவைக் கையில் கொடுத்து, அது ஏன் தேய்ந்தது என்றும் சொல்லுவார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் பத்து ரூபாய் அதிகமானாலும் அவரை விடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு. வண்டிக்கென்று தனியாக வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய நான்கே பத்திகள். ஓராண்டு எழுதினால், எந்தச் செலவு அடிக்கடி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அதைக்கொண்டு மாதம் இவ்வளவு என்று ஒரு டப்பாவில் போட்டுவைக்கலாம். அந்த நோட்டில் "அடுத்த மாதம்" என்ற வார்த்தைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய சனிக்கிழமை இரவு முடிந்துபோயிருக்கும். பரணிலிருந்து பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை மட்டும் காட்டினேன். மேலே என் கையெழுத்து. கீழே என் மனைவியின் கையெழுத்து. அவர் இரண்டு வரியையும் படித்தார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பெயிண்டு அப்புறம் அடிச்சுக்கலாமுங்க" என்று எழுந்துபோனார்.

மறுநாள் மாலை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. டாங்கில் பழைய கீறல்கள் அப்படியே இருந்தன. சீட்டு உறை கிழிந்திருந்தது. பின்சக்கரத்தில் புது டயர். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள் குனிந்து அதன் நான்கு இலக்கங்களைப் படித்து, "நல்ல டயர்தானுங்க மாமா. பொறந்து மூணு மாசம்கூட ஆகலை" என்றாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், "இனிமேல் ராத்திரி நேரமானாலும் பயமில்லைங்க" என்றார்.